சென்னையில் சாப்பிட மணி பார்க்க வேண்டும்

போன மாதம் ஊரிலிருந்து வந்த அத்தை மகனைத் தி.நகரில் ஓர் உயர்தர சைவ உணவகத்துக்கு அழைத்துப் போனேன். மணி பகல் 12.40. உட்கார்ந்ததும் மசால் தோசை கேட்டான். "மீல்ஸ் டைம் சார், தோசை மூணு மணிக்கு மேலதான்" என்றார் சப்ளையர். "மாவு இருக்கும், கல்லு இருக்கும், ஒண்ணு ஊத்திக் கொடுத்தா என்னவாம்?" என்று இவனுக்குக் கோபம்.

கோபம் நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் உள்ளே கல் சூடாக இருக்காது. தோசை மாஸ்டர் விடியற்காலை நாலு, நாலரைக்கு வந்து, பதினோரு மணியோடு முதல் ஷிப்டை முடித்துவிட்டு மாடியில் படுத்திருப்பார். அடுப்பெல்லாம் சோறு, சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் என்று வேறு மாஸ்டர் கைக்கு மாறியிருக்கும். கல்லாவில் இருப்பவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சாப்பாடு கேட்பவருக்கு இலை போட்ட இரண்டாவது நிமிடம் சோறு விழும். இருபது நிமிடத்தில் எழுந்துவிடுவார். தோசை கேட்பவர் பத்து நிமிடம் காத்திருந்த பிறகுதான் வாயே வைப்பார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் நிற்கிற நேரத்தில் அது கட்டுப்படியாகாது.

"சென்னையில எங்க நல்லா இருக்கும்?" என்று கேட்காத ஆளில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்கிற ஆளைத்தான் காணோம். இருபது வருடமாக இந்த ஊரில் வெளியே சாப்பிட்டுப் பார்த்ததில் என் கட்சி இது: ருசி, விலை, வயிற்றுக்கு ஒத்துக்கொள்வது ஆகிய மூன்றுக்கும் கடையின் பெயர்ப் பலகையைவிடக் கடிகாரம்தான் அதிகப் பொறுப்பு.

மாவிலிருந்து தொடங்கலாம். அரிசியையும் உளுந்தையும் மாலையில் அரைத்து உப்புப் போட்டுக் கரைத்து வைத்தால், எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் பொங்கி வரும். சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் அதுகூட வேண்டாம். மாவில் வளரும் நுண்ணுயிரிகள் ஒரு பக்கம் வாயுவை உண்டாக்கும், இன்னொரு பக்கம் அமிலத்தைச் சேர்க்கும். வாயு நிறைந்தும் அமிலம் குறைந்தும் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் இட்லிக்கு உகந்த நேரம். தெருவோரத்தில் அது காலை ஆறிலிருந்து எட்டரை, ஒன்பது வரை. அப்புறம் வாயு அடங்கிப் புளிப்பு ஏறும். அந்த மாவில் இட்லி கல்லு மாதிரி வரும். தோசையோ நன்றாக முறுகும். ராத்திரி ஒன்பது மணிக்கு மாவு இன்னும் புளித்திருந்தால், மேலே வெங்காயமும் பச்சை மிளகாயும் தூவி ஊத்தப்பமாகிவிடும். வெங்காயத்தின் இனிப்பு புளிப்பை மறைத்துவிடுகிறது. குளிர் அறை வைத்து இரண்டு வேளை மாவு அரைக்கிற பெரிய ஓட்டல்களில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. திண்ணையில் அடுப்பு வைத்து இட்லி அவிக்கிற ஆயா கடையில் பட்டவர்த்தனமாகத் தெரியும். ஒன்பதரைக்குப் போய் "ஆயா, இட்லி இருக்கா?" என்றால், "தோசை ஊத்தித் தரவா கண்ணு?" என்று பதில் வரும். அதைத் தட்டாமல் கேட்டுக்கொள்வது நல்லது.

நேரம் தாண்டிய பண்டம் வேறு பண்டமாக மறுபிறவி எடுப்பதற்கு இந்த ஊரில் நிறைய உதாரணம் உண்டு. வடகறி அப்படிப் பிறந்தது என்றுதான் சொல்வார்கள்: மிஞ்சிய மசால் வடையை உதிர்த்து, சோம்பும் பட்டையும் போட்ட குழம்பில் கொதிக்கவிட்டது. சைதாப்பேட்டை என்றால் இன்றைக்கும் வடகறி, வடகறி என்றால் மாரி ஓட்டல். இப்போது இதற்கென்றே கடலைப் பருப்பை அரைத்து அவித்தோ பொரித்தோ செய்கிறார்கள்; அந்த அளவுக்கு மவுசு. கொத்து பரோட்டாவும் அதே ஜாதிதான். ஆறிப்போன பரோட்டாவைச் சால்னாவும் முட்டையும் ஊற்றிக் கொத்தினால், கல்லின் சூட்டில் மறுபடி உயிர் வந்துவிடும். மிச்சம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். நம் வீட்டில் பழைய சோறு என்ன வாழ்கிறதாம்?

அடுத்தது இடம். பாரிமுனையோ வேளச்சேரியோ, ஏதாவது ஒரு நடைபாதையை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருங்கள். காலை ஐந்தரைக்கு ஓர் அக்கா இட்லிக் குண்டானோடு வருவார். பத்து மணிக்கு அவர் பாத்திரம் கழுவிக் கிளம்பினால், அதே இடத்தில் கம்மங்கூழ் வண்டி நிற்கும். மோர் மிளகாய், மாங்காய்த் துண்டு, வறுத்த கருவாடு என்று தொட்டுக்கொள்ள ஏழெட்டுக் கிண்ணம். பகலில் எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம். நாலு மணிக்கு எண்ணெய்ச் சட்டி ஏறும், பஜ்ஜி தொடங்கும். ஏழு மணிக்கு அது நகர்ந்து, இரும்புச் சட்டி சடசடக்க ஃபாஸ்ட் ஃபுட் வண்டி வரும். பத்துக்குப் பத்து அடி இடத்தில் ஒரே நாளில் நாலைந்து பிழைப்பு. வங்கி வாசலிலும் மூடிய ஷட்டர்களின் முன்னாலும் மாலைக் கடைகள் முளைப்பது இதனால்தான். பகலில் வங்கிக்கு உரிய வாசல், கதவு சாத்திய பிறகு யாருக்கும் வேண்டாததாகிவிடுகிறது.

இப்படி நின்றுகொண்டே தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிடுகிற கடைக்குக் கையேந்தி பவன் என்று பெயர் வைத்தவன் யாரோ, அவன் வாயில் சர்க்கரை போட வேண்டும். வீதிக்கு வீதி இருக்கிற 'பவன்'களைக் கேலி செய்ததோடு, அங்கே கொடுக்கிற காசில் பாதி நாற்காலிக்கும் ஏசிக்கும் போகிறது என்பதையும் ஒரே சொல்லில் சொல்லிவிட்டான். வண்டிக்காரருக்கு வாடகை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தண்ணீர்க் கேன், 19 கிலோ வணிக சிலிண்டர், விளக்குக்கு எதிர்க்கடையிலிருந்து இழுத்த கரண்ட், இன்னும் எழுத முடியாத சில தினசரிச் செலவுகள். எழுந்து போ என்று யாரும் சொல்லாமல் இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது.

அந்தப் பயத்தைக் குறைக்கத்தான் 2014இல் சாலையோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நகர விற்பனைக் குழு ஒன்று அமைக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், கணக்கெடுத்துச் சான்றிதழ் தர வேண்டும், 30 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் அப்புறப்படுத்தக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. எனக்குப் பிடித்தது வேறு ஒரு பிரிவு. ஒரே இடத்தை நேரம் பிரித்துப் பயன்படுத்தும் முறையைச் சட்டமே பேசுகிறது; தன் நேரம் முடிந்ததும் வியாபாரி சாமான்களை எடுத்துவிட வேண்டும் என்கிறது. இட்லி அக்காவும் கூழ் அண்ணனும் வாய்ப்பேச்சில் எப்போதோ போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. பாதுகாப்பு எவ்வளவு தூரம் தெருவுக்கு இறங்கி வந்திருக்கிறது என்று நீங்கள் சாப்பிடுகிற கடைக்காரரிடமே கேட்டுப் பாருங்கள். பதிலில் காரம் இருக்கும்.

சரி, இந்த ஊருக்கு இத்தனை வகைச் சாப்பாடு எப்படி வந்தது? வந்தவர்கள் கொண்டுவந்தார்கள், ஒவ்வொருவரும் தங்கள் நேரத்தையும் சேர்த்து.

உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் டிபன் என்கிற வேளையையே ஒரு தொழிலாக்கினார்கள். கே. கிருஷ்ணராவ் 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். பின்னால், 1962இல், கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் வந்தது. இங்கே நான் சொல்லும் நேரக் கணக்கு கொஞ்சம் உதைக்கும். அது கடிகாரமே இல்லாத உணவகம். மர நிழலில் காரை நிறுத்திவிட்டு ஒரு காபியை வைத்துக்கொண்டு எழுத்தாளர்கள், மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், கல்யாணம் பேசுகிறவர்கள் என்று யார் வேண்டுமானாலும் அரை நாள் உட்காரலாம், எழுப்ப மாட்டார்கள். 2008இல் மூடினார்கள், இப்போது அங்கே இருப்பது செம்மொழிப் பூங்கா. அதற்குப் பிறகு இந்த ஊரில் சும்மா உட்காருவதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பெயர் கஃபே.

1981இல் கே.கே. நகரில் தொடங்கிய சரவண பவன் வேறு பாதையில் போனது. எந்தக் கிளையில் எந்த நேரத்தில் சாப்பிட்டாலும் ஒரே ருசி என்பதைச் சாதித்துக் காட்டினார்கள். அதை ரசிக்கிறவர்கள் உண்டு. எனக்கு என்னவோ காலை ஏழு மணிச் சாம்பாருக்கும் மாலை ஏழு மணிச் சாம்பாருக்கும் ஒரு சின்னச் சண்டையாவது இருக்க வேண்டும்.

ஓட்டல் வரலாறு பேசும்போது ஒன்றைத் தாண்டிப் போகக் கூடாது. யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதும் ஒரு காலத்தில் இங்கே கேள்விதான். 'பிராமணாள்' என்று பலகை வைத்த ஓட்டல்கள் சாதாரணமாக இருந்தன. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையை எதிர்த்துப் பெரியார் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்தது. இன்றைக்கு ஷேரிங் டேபிளில் எதிரே இருப்பவர் யார் என்றே பார்க்காமல் சாம்பார் வாளியை நகர்த்துகிறோம் என்றால், அது தானாக வந்த பழக்கம் இல்லை.

திருவல்லிக்கேணியின் கதை மேன்ஷன்களோடு ஒட்டியது. வேலை தேடி, படிக்க, சினிமாவில் சேர என்று வந்த ஆண்கள் தங்கிய, சமையலறை இல்லாத அறைகள். நானும் இரண்டு வருடம் இருந்திருக்கிறேன். மூட்டைப்பூச்சி போக மீதி இடம் எங்களுக்கு. அந்தப் பசிக்காகத்தான் மெஸ்கள். மெஸ்ஸில் பட்டியல் கிடையாது, பேரம் கிடையாது, நேரம் உண்டு. காசி விநாயகா மெஸ்ஸில் முதலில் காசு கொடுத்து டோக்கன் வாங்கி, முறை வரும்வரை நிற்க வேண்டும். இன்ன நேரத்துக்கு இத்தனை பேர் என்பது தெரிந்தால்தான் அளவாகச் சமைக்க முடியும், மிச்சம் விழாது, விலையையும் பிடித்து வைக்க முடியும். சேப்பாக்கம் மைதானத்துக்கு எதிரே, 1961லிருந்து இருக்கிற நாயர் மெஸ்ஸில் மீன் தீர்ந்தால் தீர்ந்ததுதான். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் எடுத்த மீன் அது. இரண்டரை மணிக்குப் போய் வஞ்சிரம் கேட்பவரை அங்கே பரிதாபமாகப் பார்ப்பார்கள். கொஞ்சம் தள்ளி ரத்னா கபே, 1948லிருந்து. இட்லி முழுகும்வரை சாம்பார் ஊற்றுவது அங்கே சம்பிரதாயம். அந்தச் சாம்பாருக்குப் பேர் வாங்கித் தந்தது வட இந்தியாவிலிருந்து வந்த குடும்பம் என்பதைச் சொன்னால் மயிலாப்பூர்க்காரர்கள் சிலர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

மயிலாப்பூருக்கும் தனி நேரம் இருக்கிறது. ராயர் கபே காலையிலும் பிற்பகலிலும் சில மணி நேரம் திறந்திருக்கும், அவ்வளவுதான். பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஒரு வீட்டு ஜன்னல் வழியாகவே பஜ்ஜியும் பொங்கலும் விற்ற ஜன்னல் கடைக்குப் பெயர்ப்பலகையே தேவைப்படவில்லை. கபாலி கோயிலில் தீபாராதனை முடிந்து வெளியே வரும் கூட்டமே விளம்பரம்.

பர்மா கதை வேறு மாதிரி. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, பின்னால் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கியபோது, அங்கே தலைமுறைகளாக இருந்த தமிழர்கள் கிட்டத்தட்டக் கட்டிய துணியோடு கப்பலேறினார்கள். அவர்களுக்காக 1969இல் துறைமுகத்துக்கு எதிரே உருவானது பர்மா பஜார். அதையொட்டிய தெருக்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் அத்தோ கடைகள். நூடுல்ஸ், துருவிய முட்டைகோஸ், வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர், மிளகாய்த் தூள், நொறுக்கிய பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறுப்பாகப் பொரித்தது) எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயமும் புளியும் வைத்த மசாலா முட்டையை ஒரே வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட முயன்று சட்டையை வீணாக்கியவன் சொல்கிறேன். ஏன் மாலை மட்டும்? பாரிமுனை அலுவலகங்களும் உயர் நீதிமன்றமும் விட்டு, கடற்கரை ரயில் நிலையத்துக்கு நடக்கிற கூட்டம்தான் அவர்களுடைய ஆதி வாடிக்கை.

வட இந்திய வணிகர்கள் குடியேறிய சௌகார்பேட்டையும் மாலை ஊர்தான். தங்கசாலைத் தெருவில் ஜிலேபி, கசோரி, குங்குமப்பூ மிதக்கும் பாதாம் பால். ரொட்டிக்குப் பதிலாக இரண்டு முறுக்கு வைத்து நடுவே தக்காளி, வெள்ளரி, சட்னி அடுக்குகிற முறுக்கு சாண்ட்விச் அந்தத் தெருவின் நகைச்சுவை உணர்வுக்கு அத்தாட்சி. கையில் வந்த ஒரு நிமிடத்துக்குள் தின்றுவிட வேண்டும், முறுக்கு நமுத்துவிடும்.

இனி வயிறு. தெருவில் சாப்பிட்டால் ஆகாது, ஓட்டலில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்பது பாதி உண்மைகூட இல்லை. சமைத்த உணவு 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் கிருமிகள் பெருக ஆரம்பிக்கும். சென்னை வெயிலில் மேசை மேல் இருக்கிற எந்த உணவும் அவற்றுக்குச் சொகுசு மெத்தை. ஆகவே கேட்க வேண்டியது, இது அடுப்பிலிருந்து இறங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதுதான். கூட்டம் நெரிகிற வண்டியில் கண்ணெதிரே கல்லிலிருந்து எடுத்துத் தரும் முட்டைத் தோசை, காலியாகக் கிடக்கும் ஏசி ஓட்டலில் பகலிலிருந்து உட்கார்ந்திருக்கும் கிரேவியைவிடப் பாதுகாப்பானது.

தோசையைக் கல் காப்பாற்றும். சட்னியை யார் காப்பாற்றுவது? தேங்காய்ச் சட்னி பச்சையாக அரைத்தது, ஈரம் நிறைந்தது, அதில் ஊற்றிய தண்ணீர் எது என்பதும் நமக்குத் தெரியாது. காலை ஆறு மணிக்கு அரைத்தது பத்து மணிக்கு மேல் மெல்ல ஊச ஆரம்பிக்கும். நான் பாடம் படித்தது அப்படித்தான். ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றேகால் மணி, வடை சூடாகத்தான் இருந்தது. சட்னியில் லேசாக ஒரு நுரை. பார்த்தேன், பார்த்தும் தொட்டுக்கொண்டேன். அடுத்த இரண்டு நாளும் உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் ஆகாரம். கடையைக் குறை சொல்ல மாட்டேன், எட்டு மணிக்கு அங்கே போயிருக்க வேண்டும். அதற்கப்புறம் வெயில் காலத்தில் பத்து மணியைத் தாண்டினால் காரச் சட்னிதான்; எண்ணெயில் வதக்கியது, புளி சேர்ந்தது, கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கொதித்துக்கொண்டிருக்கும் சாம்பார் அதைவிட நல்லது.

எண்ணெய்க்கும் கடிகாரம் உண்டு. நாலு மணிக்குச் சட்டியில் ஊற்றும்போது பொன்னிறமாக இருப்பது எட்டு மணிக்குக் காபி நிறத்துக்கு வந்துவிடும். திரும்பத் திரும்பக் காயும்போது எண்ணெய் சிதைந்து, துருவச் சேர்மங்கள் என்கிற கழிவுகள் அதில் கூடுகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து நாடு முழுவதும் விதி. பஜ்ஜிக் கடைக்கு மீட்டர் எடுத்துக்கொண்டு போக முடியாது. மூன்று அடையாளம் போதும்: சட்டி ஓரத்தில் பிசுக்கு நுரை, கண்ணைக் கரிக்கும் புகை, பஜ்ஜியைத் தின்ற பிறகு தொண்டையில் ஒரு கரகரப்பு. மெரினாவில் வாழைக்காய் பஜ்ஜி தின்கிறவர்கள் ஐந்து மணிக்குப் போய்விட்டு, இருட்டியதும் தேங்கா மாங்கா பட்டாணி சுண்டலுக்கு மாறிக்கொள்ளலாம். அதிலும் மாங்காயை அப்போது நறுக்கிப் போடுகிற ஆளைப் பாருங்கள்.

அரசும் அவ்வப்போது குறுக்கே வரும். ரோடமின்-பி சாயம் கலந்திருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை விதித்தார்கள். மயோனைஸும் காலம் சம்பந்தப்பட்ட விவகாரம்தான்: வேகாத முட்டையும் எண்ணெயும் சேர்ந்த ஒன்றை, மாலை முழுக்க ஷவர்மா கம்பியின் அனலுக்குப் பக்கத்தில் திறந்து வைத்தால் என்ன ஆகும்? சாயம் விஷயத்தில் என் விதி எளிது. கண்ணைப் பறிக்கிற சிவப்பில் கோபி மஞ்சூரியன் இருந்தால் அந்த வண்டியைக் கடந்து போய்விடுவேன். காலிஃபிளவருக்கு அவ்வளவு வெட்கம் வராது.

பிரியாணிக்கு வருவோம், வராமல் இந்த ஊரில் எந்தப் பேச்சும் முடியாது. மவுண்ட் ரோடு புஹாரி 1951லிருந்து இருக்கிறது. சிக்கன் 65 தங்கள் பட்டியலில் 1965இல் பிறந்தது என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. 65 துண்டு, 65 நாள் கோழி, 65 மிளகாய் என்று மற்றவர்கள் சொல்லும் கதைகளும் பொழுது போக்க உதவும். திண்டுக்கல்லில் 1957இல் தொடங்கிய தலப்பாகட்டி பின்னால் சென்னைக்கு வந்தபோது சீரகச் சம்பா இங்கே பரவலாகப் பேசுபொருளானது. ஆம்பூர் வகையும் சீரகச் சம்பாதான், ஆனால் மசாலா அடக்கம், கூடவே புளிப்பான கத்திரிக்காய்.

பாய் கடைகளில் நான் கற்றுக்கொண்டது தம் உடைக்கும் நேரம். தேக்சாவை, அதாவது பிரியாணி வெந்த பெரிய பாத்திரத்தை, திறந்தவுடன் மேலே இருக்கும் சோறு பொலபொலவென்று வெளுத்திருக்கும், மசாலா பிடித்திருக்காது. அடியில் இருப்பது நெய்யும் மசாலாவுமாகக் குழைந்திருக்கும், சில நாள் பிடித்துமிருக்கும். நடுவில் இருப்பதுதான் பிரியாணி. பன்னிரண்டரைக்குத் திறக்கிற கடைக்கு ஒரு மணிக்குப் போனால் நடு உங்களுக்கு. இரண்டே கால் ஆகிவிட்டால் குஸ்கா கேட்பது புத்திசாலித்தனம். கறித் துண்டுகளை முன்னால் வந்தவர்கள் கொண்டுபோயிருப்பார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை ஐந்து மணிக்கே பிரியாணி போடுகிற கடைகளும் வந்துவிட்டன. பெரியமேட்டுப் பக்கம் ஒருமுறை போனேன். பல் துலக்கின வாசனை போவதற்குள் மட்டன் பிரியாணி தின்பது சுகமா தண்டனையா என்று இன்னும் முடிவாகவில்லை. வரிசை மட்டும் குறையவில்லை.

பில் பற்றிச் சுருக்கமாக. சாதாரண உணவகத்தில் ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், 2017 நவம்பரிலிருந்து. 400 ரூபாய்க்குச் சாப்பிட்டால் மத்தியத்துக்கு 10, மாநிலத்துக்கு 10. விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தாங்களே வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற சின்ன ஓட்டல்கள் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வாங்கக் கூடாது. அது பில்லிலேயே எழுதியிருக்கும், படிக்க வேண்டும். சர்வீஸ் சார்ஜ் என்று சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், கட்டாயம் இல்லை. சப்ளையர் கையில் இருபது ரூபாய் வைப்பது வேறு விஷயம்; அவர்களில் பலர் இப்போது அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, "இன்னும் கொஞ்சம் சாம்பார்?" என்பதை நம்மைவிடத் திருத்தமாகக் கேட்கிற பையன்கள்.

காசு இல்லாத பசிக்கும் ஒரு நேரம் வைத்தது 2013 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகம். காலையில் 1 ரூபாய்க்கு இட்லி, பகலில் 5 ரூபாய்க்குச் சாம்பார் சாதம், 3 ரூபாய்க்குத் தயிர் சாதம். இதை ஏழைகள் இடம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒருமுறை அரசு மருத்துவமனைப் பக்கத்துக் கிளையில் பகல் வரிசையில் நின்று பார்க்கட்டும். நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்கள், டெலிவரி பையன்கள், டை கட்டிய விற்பனையாளர்கள் எல்லாரும் இருப்பார்கள்.

டெலிவரி என்றதும் ஞாபகம் வருகிறது. நேரத்தை ஜெயித்துவிட்டதாகச் செயலிகள் நினைக்கின்றன. எத்தனை மணிக்கும் எதுவும் வீட்டுக்கு வரும். வரும், ஆனால் மூடிய டப்பாவில் இருபது நிமிடம் தன் ஆவியிலேயே வெந்த ரவா தோசை, ஈரத் துணி மாதிரி வரும். பொங்கல், சாம்பார் சாதம், பிரியாணி, பரோட்டாவும் சால்னாவும் பயணத்துக்குத் தாங்கும். ரவா தோசை, பூரி, பஜ்ஜி, முறுக்கு சாண்ட்விச் தாங்காது. ஃபில்டர் காபியை டெலிவரியில் வாங்குகிறவரிடம் எனக்குப் பேச்சு இல்லை.

மணியைத் தாண்டி மாதத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ரம்ஜானில் திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் மாலைப் பொழுதே வேறு; நோன்புக் கஞ்சி, சமோசா, இரவெல்லாம் திறந்திருக்கும் கடைகள். ஆடியில் அம்மன் கோயில்தோறும் கூழ், அது விலைக்கு இல்லை, பாத்திரம்தான் நீங்கள் கொண்டுபோக வேண்டும். மார்கழியில் சபா கேன்டீன்கள்; கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சிலர் நைசாக எழுந்து போவது காபிக்குத்தான் என்று மிருதங்கக்காரர்களுக்கும் தெரியும்.

புரட்டாசியில் அசைவக் கடைகள் ஈ ஓட்டும். கறிக் கடையில் விலை இறங்கும், பிரியாணிக் கடையில் 'ஒன்று வாங்கினால் ஒன்று' என்று தட்டி தொங்கும். வெறும் இலைகளுக்கு நடுவே காலாற உட்கார்ந்து, மாஸ்டரே வெளியே வந்து "எப்படி சார் இருக்கு?" என்று கேட்கக் கேட்கச் சாப்பிடுவதற்கு வருடத்திலேயே நல்ல மாதம் இது. சனிக்கிழமை மட்டும் வேண்டாம், பாதிக் கடை மூடியிருக்கும். ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரு மாதத்து விரதத்தை ஒரே வேளையில் முடிக்க ஊரே வந்து நிற்கும், நடுத் தேக்சா உங்களுக்குக் கிடைக்காது.